கோழிக் கிறுக்கல்: கையெழுத்தில் ஆளைப் படிப்பவர்கள் பற்றி

என் அண்ணன் மகள் பி.காம். முடித்தவள். போன வருஷம் ஒரு தனியார் நிறுவனத்தில் நேர்முகத்துக்குப் போனாள். கணக்குக் கேட்டார்கள், சொன்னாள். கம்ப்யூட்டரில் டேலி போடச் சொன்னார்கள், போட்டுக் காட்டினாள். கடைசியில் கோடு போடாத வெள்ளைத்தாள் ஒன்றைக் கொடுத்து, உன்னைப் பற்றி ஒரு பக்கம் இங்கிலீஷில் எழுது என்றார்கள். எழுதினாள். வேலை கிடைக்கவில்லை. அது நம் பிள்ளைகளுக்குப் பழகின சங்கதிதான். ஆனால் அங்கே வேலை பார்க்கிற அவள் சிநேகிதி ஒருத்தி விசாரித்துச் சொன்ன காரணம்தான் புதுசு. கணக்கில் குறையில்லையாம், கையெழுத்து நிபுணர் பார்த்துத் தள்ளிவிட்டாராம். வரி போகப்போகக் கீழே சாய்கிறது, ஊக்கமில்லாத ஆள். சொல்லுக்குச் சொல் இடைவெளி கூடுதல், யாரோடும் ஒட்டமாட்டாள். ‘டி’ எழுத்தின் குறுக்குக்கோடு தாழ்ந்து கிடக்கிறது, தன்னைப் பற்றியே தாழ்வாக நினைக்கிறவள்.

அன்று ராத்திரி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவள் என்னைக் கேட்டாள்: “சித்தப்பா, எனக்கே தெரியாம என் எழுத்து என்னயப் பத்தி இப்பிடியெல்லாம் ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியுதா?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கு எழுத்து என்றால் கதை, கட்டுரை, துண்டறிக்கை. கையெழுத்தைச் சோதித்துக் குணம் சொல்லும் கலை என்று ஒன்று இருப்பதை வாரப் பத்திரிகையில் ராசிபலனுக்குப் பக்கத்தில் பார்த்ததோடு சரி. அவளுக்காகத்தான் இதற்குள் இறங்கினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்து மாடியில், கையெழுத்தை மாற்றினால் வாழ்க்கை மாறும் என்று நடந்த வகுப்பில் காசு கட்டி உட்கார்ந்தேன். தமிழில் கிடைக்கிற புத்தகங்கள் சிலவற்றைப் படித்தேன். இந்தக் கலையைச் சோதித்துப் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்றும் தேடினேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கையெழுத்து இன்னாருடையதா என்று பார்ப்பது ஒரு வேலை. கள்ளப் பத்திரம், போலி உயில் வழக்குகளில் நடப்பது அது. 1872ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. 2024 ஜூலையில் அந்தச் சட்டம் போய்ப் புதுச்சட்டம் வந்த பிறகும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. நோய் எழுத்தில் தெரிவதும் உண்டு. பார்க்கின்சன் நோய் வந்தவர்களுக்கு எழுத்து வரவரச் சிறுத்துப்போவதை மருத்துவர்கள் கவனிக்கிறார்கள். இவற்றோடு எனக்குச் சண்டையில்லை. எழுத்தின் சாய்வையும் சுழியையும் அழுத்தத்தையும் பார்த்து இவன் நேர்மையானவன், இவன் திருடன், இவள் தலைமைக்கு லாயக்கில்லாதவள் என்று சொல்வது இன்னொரு வேலை. கிராஃபாலஜி என்று பெயர் வைத்திருப்பது அதற்குத்தான். வகுப்பில் வாத்தியார் செய்கிற முதல் காரியம் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலக்குவது. “கோர்ட்டே ஒத்துக்கிட்ட சயின்ஸ் சார் இது” என்கிறார். கோர்ட் ஒத்துக்கொண்டது வேறு, அவர் விற்பது வேறு.

இத்தாலியில் கமில்லோ பால்டி 1622இலேயே கடிதத்தைப் பார்த்து ஆளைச் சொல்வது பற்றிப் புத்தகம் போட்டார். ஆனால் இதைத் தொழிலாகவும் சங்கமாகவும் ஆக்கியவர் பிரெஞ்சுப் பாதிரியார் ழான் இப்போலித் மிஷோன். கிராஃபாலஜி என்ற பெயரும் அவர் வைத்ததுதான். இன்ன கோட்டுக்கு இன்ன குணம் என்று அகராதி மாதிரி எழுதி வைத்தார். 1871இல் அதற்காகச் சங்கம் ஆரம்பித்தார். அந்த வருஷத்தைப் படித்தபோது எனக்குத் திடுக்கென்றது. இங்கே பிரிட்டிஷ் சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டதும் அதே 1871. ஒன்றுக்கொன்று நேரடித் தொடர்பு இருந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் காற்று ஒன்றுதான். மனிதனுக்குள் இருப்பதை வெளியே இருக்கிற அடையாளத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம், கண்டுபிடித்து ரிஜிஸ்தரில் ஏற்றிவிடலாம் என்ற காற்று. பிறவிக் குற்றவாளி என்ற சரக்கை உலகத்துக்குக் கொடுத்த இத்தாலிய டாக்டர் லொம்ப்ரோசோ, மண்டையையும் தாடையையும் காதையும் அளந்தது போதாதென்று, 1895இல் கையெழுத்தியல் என்றே ஒரு புத்தகம் போட்டார். அதே காலத்தில் மெட்ராஸ் மியூசியத்தில் எட்கர் தர்ஸ்டன் நம் ஆட்களைப் பிடித்து நிறுத்தி மூக்கை அளந்துகொண்டிருந்தார். வங்காளத்தில் ரிஸ்லி, மூக்கு அகலமாக ஆக சாதி கீழே இறங்கும் என்று விதியே எழுதினார். 1948இல் பாபாசாகேப் அந்த மூக்குக் கணக்குகளையே எடுத்து வைத்து, பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம் என்றுதான் இந்த எண்கள் காட்டுகின்றன என்று திருப்பி அடித்தார். மூக்கை அளக்கிறவர்கள் இப்போது வெளிப்படையாக இல்லை. எழுத்தை அளக்கிறவர்கள் ஏசி அறையில் இருக்கிறார்கள்.

மிஷோனுடைய அகராதி முறையை ஜெர்மனியில் லுட்விக் கிளாகஸ் மாற்றினார். யூத வெறுப்பை எழுதி வைத்த ஆள். கையெழுத்தும் குணமும் பற்றி 1917இல் அவர் போட்ட புத்தகம் இந்தத் துறைக்கு வேதம் மாதிரி. ஒவ்வொரு அடையாளத்துக்கும் நல்ல அர்த்தம் ஒன்று, கெட்ட அர்த்தம் ஒன்று உண்டு என்கிறார். எதை எடுப்பது? முழு எழுத்தையும் பார்த்ததும் மனசில் படுகிற ‘வடிவத் தரம்’ உயர்ந்ததா தாழ்ந்ததா என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டுமாம். உயர்ந்தது என்றால் நல்ல அர்த்தம், தாழ்ந்தது என்றால் கெட்ட அர்த்தம். இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இது நமக்குத் தெரியாததா? பண்ணையார் குரல் உயர்த்திப் பேசினால் கம்பீரம், நம்ம ஆள் பேசினால் திமிரு. அவர்கள் வீட்டுப் பையன் பேசாமல் இருந்தால் அடக்கம், நம்ம பையன் பேசாமல் இருந்தால் கள்ளத்தனம். அடையாளம் ஒன்றுதான். தரம் முன்னாலேயே முடிவாகிவிட்டது.

அடுத்து வருகிற சங்கதிதான் என்னைத் தூங்கவிடவில்லை. வகுப்பில் வாத்தியார் பலகையில் மூன்று அடுக்கு வரைந்தார். எழுத்தின் மேற்பகுதி மேல்மண்டலம்: அறிவு, ஆன்மிகம், லட்சியம். நடுப்பகுதி நடுமண்டலம்: அன்றாட வாழ்க்கை. வரிக்குக் கீழே இறங்குகிற வால், சுழி எல்லாம் கீழ்மண்டலம்: உடம்பு, பசி, காமம், பணத்தாசை. சுவிட்சர்லாந்தின் மாக்ஸ் புல்வர் 1931இல் விரிவாக எழுதி வைத்த வெளிக்குறியீட்டின் நீர்த்த வடிவம் இது. ஐரோப்பாக்காரர் எங்கிருந்து எடுத்தார் என்று நான் ஆராயப் போவதில்லை. தலை உயர்ந்தது, கால் தாழ்ந்தது, தலை யோசிக்கும், கால் நடக்கும், அழுக்காகும் என்ற படம் உலகத்தில் பல இடத்தில் இருக்கிறது. ஆனால் அந்த மண்டபத்தில் இருந்த நூறு பேரில் ஒருத்தருக்கும் அதை விளக்க வேண்டியிருக்கவில்லை, பார்த்ததும் தலையாட்டினார்கள். ஏனென்றால் ரிக்வேதத்துப் புருஷ சூக்தம் முகத்தில் ஒருத்தனையும் காலில் ஒருத்தனையும் பிறக்க வைத்த நாள் முதலாக இந்தப் படம் இங்கே சட்டமாகவே இருந்திருக்கிறது. காலிலும் இடமில்லாதவன் நான் பின்வரிசையில் உட்கார்ந்து நோட்டில் வரைந்துகொண்டேன். ஒரு எழுத்துக்குள்ளேயே ஊரும் சேரியும் இருக்கிறது பாருங்கள் தோழர்களே. ஊர் மேலே, சேரி கீழே. சேரிக்குள் எழுத்து ரொம்ப இறங்கினால் ஆள் சரியில்லை.

அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். தமிழில் ‘கு’, ‘மு’, ‘டு’ எல்லாம் கீழே இறங்கித்தானே ஆக வேண்டும், உகரம் அதிகமாக வருகிற வாக்கியம் எழுதுகிறவன் காமுகனா? சிரித்துவிட்டு, “அதுக்குத் தனி ஃபார்முலா இருக்கு, அட்வான்ஸ் கோர்ஸ்ல வரும்” என்றார். அட்வான்ஸ் கோர்ஸ் கட்டணம் நாலு மடங்கு.

தமிழ் எழுத்து வளைந்து வளைந்து வந்ததற்கு எழுதினவன் மனசு காரணமில்லை, ஓலை காரணம். எழுத்தாணியை நேர்க்கோடாக இழுத்தால் ஓலை நார் கிழியும். புள்ளி வைத்தால் ஓட்டை விழும் என்று ஏட்டில் புள்ளியே வைக்காமல் எழுதினார்கள். ‘ஐ’ எழுத்தின் புள்ளியை விட்டுவிடுகிறவன் மறதிக்காரன் என்கிற சாஸ்திரத்தை வைத்துப் பார்த்தால் நம் ஏடு எழுதினவர்கள் அத்தனை பேரும் மறதிக்காரர்கள். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணை போட்டது. பெரியார் 1935இலேயே குடிஅரசில் கையாளத் தொடங்கிய மாற்றம் அது. அதற்கு முந்திப் படித்தவர்கள் ‘லை’, ‘னை’ எழுதும்போது யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு கொம்பு மேலே வளையும். பிந்திப் படித்தவர்களுக்குக் கிடையாது. நான் முந்தி, என் கடைசித் தம்பி பிந்தி. மேலே வளைவது லட்சியம் என்றால், அரசாணை ஒன்று தம்பியின் லட்சியத்தைப் பிடுங்கிவிட்டது என்று அர்த்தமா?

காந்தி 1909இல் கப்பலில் வரும்போது ‘ஹிந்த் சுவராஜ்’ எழுதினார். வலதுகை வலித்தபோது இடதுகைக்கு மாற்றிக்கொண்டார். கைப்பிரதியின் 275 பக்கத்தில் 40 பக்கம் இடதுகையால் எழுதினது. எழுதினவர் ஒருவர்தான், பிடிவாதமும் ஒன்றுதான். அந்த 40 பக்கத்தை மட்டும் பெயர் சொல்லாமல் நம்ம வாத்தியாரிடம் கொடுத்தால் யாரைக் கண்டுபிடிப்பார்? மோசமான கையெழுத்து அரைகுறைக் கல்வியின் அடையாளம் என்று தன் சுயசரிதையில் வருத்தப்பட்டவரும் இதே காந்திதான். கல்வி அரைகுறையாக ஏன் ஆகிறது, யாருக்கு ஆகிறது என்பது அந்த வருத்தத்தில் இல்லை.

என் எழுத்து எப்படி ஆனது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு பத்து இருந்தது. சேரிப் பிள்ளைகள் தரையில், கதவோரம். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, பழக்கம் அப்படி. சிலேட்டைத் தொடைமேல் வைத்து எழுதினால் வரி சாயும், சாயாமல் என்ன செய்யும்? பல்பத்தை மூன்றாக ஒடித்து நானும் அக்காவும் தம்பியும் எடுத்துக்கொள்வோம். நகம் சிலேட்டில் தேயத் தேய எழுதினால் அழுத்தம் கூடும். இங்க் பேனா வந்தது எட்டாம் வகுப்பில், அதுவும் நிப்பு வளைந்தது. வாத்தியார் என் நோட்டைத் தூக்கிப் பிடித்து, “இதென்னடா கோழி கிண்டின குப்ப மாதிரி, உங்க தெருக் கோழியா?” என்பார். வகுப்பு சிரிக்கும். நானும் சிரிப்பேன். எல்ஃபின்ஸ்டன் பள்ளியில் பீமராவைக் கணக்குப் போடக் கூப்பிட்டபோது, கரும்பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சோற்று டப்பாக்களை எடுக்க மற்றப் பையன்கள் ஓடினார்கள் என்று அவர் வரலாற்றில் படிக்கிறோம். அன்றைக்கு அந்தப் பலகையில் விழுந்த எண்கள் கொஞ்சம் நடுங்கியிருந்தால், அந்த நடுக்கம் யாருடைய குணம்?

நல்ல கையெழுத்து என்பது உடம்பு முழுவதையும் ஒரு ஒழுங்குக்குள் மடக்குகிற பயிற்சி என்று ஃபூக்கோ கண்காணிப்பும் தண்டனையும் பற்றிய நூலில் காட்டியிருக்கிறார். முதுகு இப்படி, முழங்கை இப்படி, மேஜை இத்தனை உயரம். மேஜையே இல்லாதவனைப் பற்றி அவர் எழுதவில்லை. நாம்தான் எழுத வேண்டும்.

சோதனை பண்ணிப் பார்த்தவர்கள் கதைக்கு வருகிறேன். 1949இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்குத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு குணக் குறிப்பு கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு. கடையில் விற்கிற ஜோசியப் புத்தகத்திலிருந்து பொறுக்கினது. மண்டபத்தில் எனக்குச் சொன்ன பலனும் பொருந்தத்தான் செய்தது: “வெளியே தைரியம், உள்ளே சில சந்தேகம்.” யாருக்குத்தான் பொருந்தாது? ஷ்மிட், ஹண்டர் என்ற இருவர் 85 வருஷ ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் கணக்குப் போட்டார்கள். வேலைக்கு ஆள் எடுக்கிற முறைகளில் எது பிற்பாடு அவர் வேலை செய்யும் விதத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று. முழுசாக ஒத்துப்போனால் 1, ஒன்றுமே இல்லை என்றால் 0. வேலையையே செய்து காட்டச் சொல்லும் சோதனைக்கு 0.54. கையெழுத்துக்கு 0.02. அண்ணன் மகள் டேலி போட்டுக் காட்டினாளே, அது முதல் வகை. அதில் தேறினவளை இரண்டாவது வகையை வைத்துத் தள்ளியிருக்கிறார்கள்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இஸ்ரேலிய ஆய்வாளர்கள் நேட்டரும் பென்-ஷகாரும் 1989இல் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது. கையெழுத்து நிபுணர்கள் சில சமயம் கொஞ்சம் சரியாகச் சொல்கிறார்களே, எப்படி? அவர்களுக்குக் கொடுத்த தாள்களில் எழுதினவரின் சொந்தக் கதை இருந்தது. கையெழுத்து தெரியாத சாதாரண ஆட்கள் அதே தாளைப் படித்தும் அதே அளவு சரியாகச் சொன்னார்கள். சொந்தக் கதை இல்லாத, எல்லாரும் பார்த்து எழுதின ஒரே பத்தியைக் கொடுத்தபோது நிபுணரின் வித்தை ஏறக்குறையப் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. அதாவது அவர்கள் எழுத்தைப் படிக்கவில்லை, எழுதியிருந்ததைப் படித்தார்கள்.

படித்த உடனே அவளுக்குப் போன் போட்டேன். “அந்தப் பேப்பர்ல என்னம்மா எழுதுன?”

“என்னத்த எழுதுறது? பேரு, ஊரு, அப்பா விவசாயக் கூலி, பத்தாவது வரைக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளி, அப்பறம் ஹாஸ்டல்ல இருந்து படிச்சேன், இவ்வளவு தூரம் வந்ததுக்குப் பெருமப்படுறேன்னு எழுதுனேன்.”

தனியார் நிறுவனத்தில் இடஒதுக்கீடு கிடையாது, அதனால் விண்ணப்பத்தில் சாதிக்குக் கட்டமும் கிடையாது. ‘உன்னைப் பற்றி ஒரு பக்கம்’ என்பது எவ்வளவு பெரிய கட்டம்! அந்த நிபுணர் சாதி பார்த்துத்தான் தள்ளினார் என்று நான் நிரூபிக்க முடியாது. அவருக்கே தெரிந்திருக்காது. வடிவத் தரம் தாழ்ந்தது என்று மனசில் பட்டிருக்கும், அவ்வளவுதான். இந்தக் கலையின் வசதியே அதுதான். எவன் மேலும் குற்றம் விழாது. கோடு சொன்னது, சுழி சொன்னது.

1894இல் பிரான்சில் ட்ரேஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரியைத் தேசத்துரோகி என்று பிடித்தார்கள். ஆதாரம் ஒரு கடிதத்தின் கையெழுத்து. இது ஆளைக் கண்டுபிடிக்கிற வகை, குணம் சொல்கிற வகையில்லை, ஆனாலும் இங்கே சொல்ல வேண்டும். கடிதத்திலும் ட்ரேஃபஸின் எழுத்திலும் ஒத்துப்போகாத இடங்கள் இருந்தன. போலீஸ் நிபுணர் பெர்ட்டியோன் அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்: தப்பிப்பதற்காக ட்ரேஃபஸ் தன் கையெழுத்தைத் தானே போலியாக எழுதியிருக்கிறான். ஒத்தாலும் அவன்தான், ஒக்காவிட்டாலும் அவன்தான். தீவுச் சிறைக்கு அனுப்பினார்கள். எழுதினது எஸ்தர்ஹாசி என்ற இன்னொரு அதிகாரி. ட்ரேஃபஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பாக 1906 ஆயிற்று. நம் பிள்ளை கோணலாக எழுதினால் அதான் தெரியுமே என்கிறார்கள். முத்து முத்தாக எழுதினால் யாருடா எழுதிக் குடுத்தா என்கிறார்கள்.

சொல்லவே கூச்சமாக இருக்கிறது, நம் ஆட்களும் இதை வாங்குகிறார்கள். போன கோடையில் நம் மாணவர் முகாம் ஒன்றில் தன்னம்பிக்கைப் பயிற்சி என்று இப்படி ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். குறுக்குக்கோட்டை உயர்த்திப் போடு, கையெழுத்துக்கு அடியில் கோடு இழு, 21 நாளில் பயம் போய்விடும் என்றார். பிள்ளைகள் உயிரைக் கொடுத்து எழுதினார்கள். அமைப்பாளரிடம் சண்டை போட்டேன். “விடுங்க தோழர், நம்ம புள்ளைங்களுக்கு எது கெடச்சாலும் நல்லதுதானே, கையெழுத்தாவது திருந்தும்ல” என்றார். கையெழுத்து திருந்தட்டும். படிக்கத் தெளிவாக எழுதினால் பரீட்சையில் மார்க் கூடும், அதைச் சொல்லிக்கொடுங்கள், நானே வருகிறேன். ஆனால் பயம் பிள்ளையின் கோட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், பயமுறுத்துகிறவனை யார் கேட்பது? அவருக்கும் எனக்கும் இன்னும் பேச்சு சரியில்லை.

கையெழுத்துக்கு முன்னால் நமக்குக் கைநாட்டு. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி ஒரு ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையை மையில் அமுக்கிப் பதித்தார். பின்னால் இது என் கையெழுத்தில்லை என்று அவர் மறுக்காதபடி பயமுறுத்தத்தான். அங்கே தொடங்கினது, குற்றப் பரம்பரைச் சட்டத்தோடு சேர்ந்து கைரேகைச் சட்டம் என்றே பெயர் வாங்கினது. ரேகை வைக்கமாட்டோம் என்று நின்றவர்களைப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3இல் சுட்டார்கள். எங்கள் அப்பாயி எத்தனை நோட்டில் கட்டைவிரல் வைத்ததோ அதற்கே தெரியாது. பெருவிரலைக் கேட்டு வாங்குவது இங்கே துரோணரிலிருந்து வருகிற பழக்கம்.

அம்மா எழுதக் கற்றது அறிவொளி இயக்கத்தில். 1991, 92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ராத்திரி ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் நடந்த வகுப்புகள். அப்போது அதற்கு நாற்பது வயசு இருக்கும். பெயரை எழுத ஒரு மாசம் ஆனது. கையெழுத்துப் போட்டுத்தான் பணம் எடுப்பேன் என்று பேங்கில் கணக்கு ஆரம்பித்தது. முதல் தடவை பணம் எடுக்கப் போனபோது, கையெழுத்து ஒத்துவரவில்லை, பேசாமல் கைநாட்டு வைத்துவிட்டுப் போ என்று சீட்டைத் தள்ளினார்கள். அம்மா சொன்னது: “அன்னிக்கி கை வேற, இன்னிக்கி கை வேற சார். நேத்துப் பூரா கள பறிச்சிருக்கேன்.” நாலு சீட்டில் எழுதிக் காட்டிவிட்டுத்தான் நகர்ந்தது.

இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. ரேஷன் கடையில் விரலை வைக்கிற மிஷின். போன மாசம் நான் கூடப் போயிருந்தேன். வலது கட்டைவிரல் வைத்தது, எடுக்கவில்லை. துடைத்து வைத்தது, எடுக்கவில்லை. இடது கை, ஆள்காட்டி விரல், எதுவும் விழவில்லை. நடவும் அறுப்பும் ரேகையைத் தின்றுவிட்டது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. கடைக்காரப் பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு மேஜைக்கு அடியிலிருந்து பழைய நோட்டை எடுத்தான்.

“கையெழுத்துப் போடத் தெரியுமா ஆயா?”

அம்மா பேனாவை வாங்கி, நோட்டைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டது. மூன்று எழுத்துப் பெயர். வரி கீழே சாய்ந்தது. வரிசை காத்திருந்தது.